சூசை மாஸ்டருக்குச் சாயம் ஏற்றாதீர்கள்

நம் சாயப்பட்டறையில் வேலை செய்த எல்லோருக்கும் வணக்கம். என் எழுத்து ஒரு வரியில் பெரிதாகவும் அடுத்த வரியில் சிறிதாகவும் இருக்கும். கோடு போட்ட தாளில் எழுதியும் கோட்டின்மேல் நிற்கவில்லை. பேனாவை அழுத்திப் பிடிப்பதால் இரண்டொரு இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. பொறுத்துப் படியுங்கள். எழுபது வயதை நெருங்கும்போது எழுதப் பழகியவன் நான். அரைப் பக்கம் எழுதினால் விரல் விறைத்துக்கொள்கிறது. ஆனாலும் யாரையும் கெஞ்சி எழுதி வாங்காமல் நானே எழுதுகிறேன் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். மாலை வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பரிமளா டீச்சர் இதை நகல் எடுத்து உங்களுக்கெல்லாம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சூசை மாஸ்டர் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்க வந்ததிலிருந்து திருப்பூர் மண்ணரைத் தெருக்களில் சுவரில் இருப்பதையெல்லாம் படித்துக்கொண்டே போவது என் பழக்கம். டெய்லர் தேவை, செக்கிங் பெண்கள் தேவை, ரூம் வாடகைக்கு என்று ஒன்றையும் விடமாட்டேன். அன்று காலை பால் வாங்கப் போன வழியில் புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்பதை நிறுத்தாமல் படித்துவிட்டேன். அது அடிக்கடி கண்ணில் படுகிற சொல். படத்தில் சிவந்த கன்னமும் கோட்டும் டையுமாக ஒருவர் இருந்தார். யாரோ பெரிய முதலாளி போலிருக்கிறது என்று நினைத்தபடி பெயரை எழுத்துக் கூட்டினேன். முதல் எழுத்து வந்தது, அடுத்த எழுத்தும் வந்தது. தப்பாகப் படித்திருப்பேன் என்று மறுபடியும் முதலிலிருந்து கூட்டினேன். அதே பெயர்தான் வந்தது. பெயருக்குக் கீழே ‘சாய மாஸ்டர்’ என்று இருந்தது. ஒரு சொல்லைப் படித்து முடித்திருக்க வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

மறுபடி படத்தைப் பார்த்தேன். அது அவரே இல்லை. உங்களுக்குத் தெரியும், அவர் நல்ல கறுப்பு. முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. அரைக்கைச் சட்டைதான் போடுவார், அதிலும் சாயம் தெறித்திருக்கும். போஸ்டர் அடித்தவர்கள் தழும்பைத் துடைத்து, முகத்தை வெளுத்து, யாருடைய கோட்டையோ மாட்டிவிட்டிருந்தார்கள். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். நொய்யல் ஆற்றோரத்தில் இருந்த நம் பட்டறையில் நிறம் பார்ப்பது அவருடைய வேலை. வெளியிலிருந்து உள்ளங்கையளவு ஒரு துண்டுத் துணி வரும். தொட்டியில் சுற்றுகிற துணி முழுவதையும் அந்தத் துண்டின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் துணியைத் தொட்டிக்குள் சுற்றவிடும் விஞ்ச் மெஷினில் துணி ஓட்டினேன். ஓடுகிற துணியில் நுனியை வெட்டி உலர்த்திக் கொடுப்பேன். அவர் அதை எடுத்துக்கொண்டு வடக்கு வாசலுக்குப் போவார். டியூப்லைட்டில் பார்க்க மாட்டார், உச்சி வெயிலிலும் பார்க்க மாட்டார். இரண்டு துணியையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தால்தான் வாயைத் திறப்பார். துண்டு இல்லாமல் நிறம் போடச் சொன்னால், அது முந்தின நாள் அவரே போட்ட நிறமாக இருந்தாலும், திட்டு விழும்.

“ஒரு கலர மண்டைக்குள்ள வச்சு இந்த வாசப்படியத் தாண்ட முடியாது வே. யாராவது தாண்டிக் காட்டுங்க, நான் ஊருக்கே போயிருதேன்” என்பார்.

இனிமையான மனிதர் இல்லை. சோற்றில் உப்புக் குறைந்தாலும் பேசுவார், சாயம் பிடிக்கத் தொட்டியில் போடும் உப்புக் குறைந்தாலும் பேசுவார். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்குக் கேலி. நான் எதற்கெடுத்தாலும் ‘சரிங்க, ஆமாங்க’ என்பதைக் கேட்டுவிட்டு, “அந்த மெஷினுக்கும் ஒரு ‘ங்க’ போட்டுப் பாரும் வே, பெல்ட்டு அறாம ஓடும்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று முழுவதும் காதர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். காதர் என்னுடன் அதே மெஷினில் நின்றவர்.

டீ நேரத்தில் மாஸ்டர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஒரு துண்டுத் துணியை நம் கண்முன்னால் காட்டுவார். நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். டீயைக் குடித்து முடித்ததும் அதே நிறத்தின் சாயலில் பல துண்டுகளைப் பரப்பி, எதைக் காட்டினேன் என்று கேட்பார். சரியாக எடுத்தவரை நான் பார்த்ததில்லை. தப்பாக எடுப்பதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. யாருமே மங்கலானதை எடுத்ததில்லை. எல்லோரும் காட்டியதைவிட அழுத்தமான நிறத்தையே எடுத்தார்கள். பச்சையைப் பார்த்தவன் இன்னும் பச்சையானதை எடுத்தான். முதலாளி எடுத்தாலும் அப்படித்தான், பெருக்க வருகிற அம்மாள் எடுத்தாலும் அப்படித்தான். ஒருமுறை காதர் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு மாஸ்டருக்கே அந்த விளையாட்டை வைத்தார். மாஸ்டரும் அழுத்தமானதைத்தான் எடுத்தார். தோற்றதற்கு வெட்கப்படாமல், “பாத்தீரா, நான் சொன்னேம்லா” என்று ஜெயித்தவர் மாதிரி எங்களைப் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் சாயத்தையே உதாரணம் சொல்வதுதான் எனக்கு அவரிடம் பிடிக்காதது. என் மனைவி இறந்து சில காலம் கழித்து ஒரு நாள், அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. அவள் சொன்ன சொற்கள் வந்தன, முகம் வந்தது, குரல் வரவில்லை. இத்தனை காலம் காதுக்குப் பக்கத்தில் கேட்ட குரல். வேலையில் கை ஓடவில்லை. மாஸ்டரிடம் சொன்னேன். அவர், சாயம் போட்ட துணியை நாம் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து அலசுகிறோம் அல்லவா, அதைச் சொன்னார். “ஒட்டாத சாயம் போயிரணும் வே. போவலன்னா பக்கத்துத் துணியெல்லாம் கெட்டுரும். மறக்கதும் அப்படித்தான். எல்லாத்தையும் வச்சிருந்தா மனுசன் எப்படி எந்திரிச்சு வேலைக்கு வருவான்?”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “அப்ப அவ கொரலு எனக்கு ஒட்டவே இல்லீங்களா மாஸ்டர்?” என்று கேட்டேன்.

துணி ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது. பிறகு, “எனக்குத் தெரியாது வே. தெரியாமச் சொல்லிட்டேன்” என்றார். அன்று சாயங்காலம் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்தார்.

வேலையை விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். மாலை வகுப்பில் சேர்ந்ததைச் சொன்னபோது, “இந்த வயசுல எதுக்கு வே, பரலோகத்துல பேரெழுதிக் கையெழுத்துப் போடவா?” என்றார். எனக்கோ வேறு கவலை. இன்று படிக்கிற எழுத்து நாளைக்கு இருப்பதில்லை. காலையில் தாளைப் பார்த்தால் பழகிய முகமாக இருக்கிறது, பெயர்தான் வருவதில்லை. சின்ன வயதில் ஆடு மேய்த்த காட்டில் எந்த வேலியில் எந்த இடத்தில் சந்து இருந்தது என்பது இன்றும் தெரிகிறது. முந்தின நாள் படித்தது தெரியவில்லை. போன எழுத்து எங்கேதான் போகிறது என்று அவரிடமே கேட்டேன். “எங்கயும் போவல. வெளுத்துக் கெடக்கும். மறுபடி சாயம் போட்டா மொதத் தடவையவிடச் சீக்கிரம் ஏறும், பாரும்” என்றார். மறுபடியும் சாயம்தானா என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அது உண்மையாக இருந்தது. இரண்டாம் தடவை சீக்கிரம் வந்தது, மூன்றாம் தடவை இன்னும் சீக்கிரம் வந்தது. வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பஸ்ஸின் பெயர்ப் பலகையைத் தடையில்லாமல் படித்தபோது, அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

இப்போது அந்தக் காலர் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன்.

ஒரு டி-ஷர்ட் ஆர்டருக்கு உடம்புத் துணிக்கு நாம் சாயம் போட்டுக் கொடுத்துவிட்டோம். மறுநாள் காலருக்கான ரிப் துணி வந்தது. எவ்வளவு சாயம் என்று அளவுச் சீட்டு இருக்கும், ஆனால் ரிப் துணி சாயத்தைக் குடிக்கிற விதம் வேறு. கடைசியில் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். பார்ப்பதற்குத் துண்டு இல்லை. உடம்புத் துணியோடு சேர்ந்து தையல் கம்பெனிக்குப் போய்விட்டது. கம்பெனி அவிநாசிபாளையம் தாண்டி இருந்தது, மழையோ விடவில்லை. நம் மேனேஜர் மாஸ்டரிடம் வந்து, “நேத்துச் சாயங்காலம் நீங்களே போட்ட கலருங்க. ஒரு ராத்திரில மறந்துருமுங்களா?” என்றார். கொதிகலனில் ஆவி தயாராக இருந்தது. எல்லோரும் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு “போடுங்கவே” என்றார்.

அந்தக் காலர் தைத்த பிறகு திரும்பி வந்தது. உடம்பு ஒரு நிறம், காலர் அதைவிட அழுத்தம். வேறு சட்டையிலிருந்து பிய்த்து வைத்தது போல இருந்தது. தண்ணீர் சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றார் மேனேஜர். அவருக்கு மாஸ்டர்மேல் மரியாதை உண்டு. மாஸ்டர் கேட்கவில்லை. அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பட்டறையே அதிரக் கத்தினார். “தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. நான் மண்டையிலருந்து போட்டேன். எந்தப் பக்கம் போயிருக்குன்னு எல்லாரும் வந்து பாருங்க. அழுத்தத்துக்குப் போயிருக்கா இல்லியா? வந்து பாருங்கவே.”

அவர் முகத்தில் அவமானமும் இருந்தது, சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக ஒரு முகத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் மாஸ்டர் அவர்தான்.

மாஸ்டர் இறந்த முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகு, கோயிலை ஒட்டிய கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினோம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பொறுமைசாலி என்றார் ஒருவர். கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை என்றார் இன்னொருவர். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மேனேஜர் எழுந்தார். அவருக்கும் இப்போது வயதாகிவிட்டது. அந்தக் காலர் கதையைத்தான் சொன்னார்.

“அன்னிக்கு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேனுங்க. துண்டு வராமச் சாயத்தத் தொடமாட்டேன்னு கையக் கட்டிட்டு நின்னுட்டாரு. மழைல ஆளனுப்பித் துண்டக் கொண்டாந்தப்புறம்தான் போட்டாரு. அவரு நின்னதாலதான் அந்த லாட்டுத் துணி தப்பிச்சுதுங்க.” சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அவர் பொய் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரு இழை மாறியிருக்கும். மாஸ்டர் தோற்ற இடத்தைச் சொல்ல அவருக்கு மனம் வந்திருக்காது, அதை லேசாகத் தாண்டியிருப்பார். இப்போது அவருக்கு ஞாபகம் இருப்பது அந்த நாள் இல்லை, கடைசியாக அவர் சொன்ன கதை.

நான் எழுந்து நின்றேன். “இல்லீங்க. அன்னிக்கு மாஸ்டர் துண்டில்லாமத்தான் போட்டாருங்க. காலரு கெட்டுப் போச்சுங்க. அவரே ஒத்துக்கிட்டாருங்க” என்றேன். மாஸ்டரின் மனைவி லூர்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து யாரோ, “ஏனுங்க பெரியவரே, இதையெல்லாம் இன்னிக்குத்தான் பேசோணுமா?” என்றார்.

காதர் எனக்காக எழுந்தார். “அவரு சொல்றது நெசந்தானுங்க. நானும் அங்கதான் இருந்தேன். அந்த நீலக் காலர நான் கையில எடுத்துப் பாத்தேனுங்க” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நீலமில்லீங்க பாய், மெரூனு” என்று சொல்லிவிட்டேன்.

“மெரூனா? நேவி புளூங்க. என் வெரல்ல ரெண்டு நாளைக்கு ஒட்டியிருந்துது.”

“என்ற கண்ணுல இப்பவும் தெரியுதுங்க. மெரூன்தான்.”

கூடத்தில் மெல்லச் சிரிப்பு எழுந்தது. மேனேஜர் கோபப்படவில்லை, ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார். “கலரே ஆளுக்கொண்ணு சொல்றீங்க. கதை மட்டும் எப்படிங்க உங்க ரெண்டு பேருக்குச் சரியா ஞாபகம் இருக்கும்?” நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

புறப்படும்போது லூர்தம்மாளிடம் போய்த் தப்பாக நினைக்க வேண்டாம் என்றேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்றார். பிறகு, “அவுக வீட்டுலயும் சத்தம் போடுவாக. அது எனக்குத் தெரியும். ஆனா இப்ப ஒரு சத்தங்கூட நெனப்புல வரமாட்டேங்கு. வேணும்னு யோசிச்சுப் பாத்தாலும் வரல” என்றார்.

“ஒண்ணுகூடவா அம்மணி?”

“வரல. வந்து எனக்கென்ன ஆவப்போவுது.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் கோபம் யார்மேலோ இருந்துகொண்டுதான் இருந்தது.

அன்றிலிருந்து எழுத உட்காருகிறேன். அவர் வாசலில் நிறம் பார்க்கும் காட்சியை முதலில் எழுதலாம் என்று தொடங்கினேன். துண்டு எந்தக் கையில் இருக்கும், புதுத் துணி எந்தக் கையில் இருக்கும் என்று எழுதப் போனால் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்த்ததால்தான் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அத்தனை நாளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே நாளாகிவிட்டன. மற்ற நாட்களைப் போல இல்லாத ஒரு நாள் மட்டும் தனியாக நிற்கிறது. அந்த ஒரு நாளையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். தினமும் நடந்ததை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, ஒருமுறை நடந்ததைச் சும்மா விட்டுவைக்கவும் தெரியவில்லை. இப்படி ஒரு மண்டையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எப்படித்தான் ஞாபகம் வைப்பது?

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று கேட்பீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாஸ்டர் நல்லவர்தான். அவரிடம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எப்போதும் சரியாக இருந்தவரோடு நான் இத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசியிருக்க முடியாது. தன் தலையையே நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு மழை நாளில் நம்பி, கெட்டுப்போனதும் அதைத் தூக்கிக் காட்டிக் கத்தினாரே, அவரைத்தான் எனக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் அன்பினால்தான் அவரை அழகாக்குகிறீர்கள். அழகாக்க அழகாக்க அவர் என்னிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறார்.

பட்டறையில் அந்த ஆண்டு இருந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலரின் நிறம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் கேட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். காதர் சொன்னபடி நீலம் என்று வந்தால் ஒத்துக்கொள்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு மெரூனாகத்தான் தெரிகிறது. இவ்வளவு தெளிவாகத் தெரிவதால்தான் இப்போது பயமாக இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பயம் ஒன்றுதான். வேறு எதையும் அவர் கொடுத்ததாக நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தத் தாளைத் திரும்பிப் பார்க்காமல் அவரைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து எழுதப் போகிறேன். அதில் அவர் இதைவிட நல்லவராக வந்துவிட்டால், தயவுசெய்து நீங்கள் இந்தத் தாளையே நம்புங்கள்.